மெட்டல் டிடெக்டரில் சிக்கிய பழைய உலோகப் பொருள் என்னவென்று கண்டுபிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

டிடெக்டர் நல்ல சத்தமாகக் கூவுகிறது, தோண்டுகிறீர்கள், ஒரு சாண் ஆழத்தில் களிம்பு ஏறிய ஏதோ ஒன்று கையில் வருகிறது. நாணயம் இல்லை, ஆணி இல்லை, மோதிரம் இல்லை. ஒரு பக்கம் உடைந்திருக்கிறது, இன்னொரு பக்கம் ஏதோ துளை மாதிரி தெரிகிறது. இது என்ன?

எனக்கு அப்படிக் கிடைத்த ஒரு பித்தளைத் தகடு பல மாதம் மேசையிலேயே கிடந்தது. என் நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம், மெல்லியது, அதில் வரிசையாகப் பத்து நீளத் துளைகள். முதலில் சீப்பு என்று நினைத்தேன், அப்புறம் பூட்டின் உள்பாகம், அப்புறம் கடிகாரம். ஒவ்வொரு பெயரும் தோன்றியதும் அந்தப் பெயரில் படங்களைத் தேடி, இந்தத் தகட்டை அந்தப் படத்துக்குள் பொருத்திப் பார்க்க முயன்றேன். மாதங்கள் வீணானதற்குக் காரணம் அதுதான். பெயரில் தொடங்கினால் கண் அந்தப் பெயருக்கு ஒத்துவரும் விஷயங்களை மட்டுமே பார்க்கும், ஒத்துவராததைத் தள்ளிவிடும். உலோகம் எது, எப்படிச் செய்தார்கள், அது என்ன வேலை செய்தது என்று படிப்படியாகப் போனால் பெயர் கடைசியில் தானாக வந்து நிற்கும். கீழே உள்ள முறை முழுக்க அந்த வரிசையில்தான் போகிறது. தகட்டுக்கு என்ன ஆயிற்று என்பதையும் அதன் இடத்தில் சொல்கிறேன்.

முதலில், தொடலாமா என்று பாருங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். உருளை வடிவில் ஒரு முனை கூம்பாகக் குவிந்திருந்தால், அடிப்பக்கம் சுற்றிலும் செம்புப் பட்டை ஓடினால், வாலில் துடுப்பு போன்ற தகடுகள் இருந்தால், முட்டை வடிவ இரும்பில் கட்டம் கட்டமாக வெட்டு இருந்தால், அது வெடிகுண்டாகவோ பீரங்கிக் குண்டாகவோ இருக்கலாம். பழசானால் வெடிமருந்து செத்துப்போகும் என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. உள்ளே இருக்கும் மருந்து பல பத்தாண்டுகள் அப்படியே இருக்கும், தூண்டும் பகுதி மட்டும் துருப்பிடித்து இன்னும் எளிதில் தூண்டப்படுவதாக மாறும். பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் முதல் உலகப் போர் முடிந்து 100 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் ஒவ்வோர் ஆண்டும் ஏர் ஓட்டும்போது குண்டுகள் மேலே வருகின்றன. அங்கே அதை 'இரும்பு அறுவடை' என்றே சொல்கிறார்கள். சந்தேகம் வந்தால் தூக்காதீர்கள், தட்டாதீர்கள், மண்ணைத் துடைக்காதீர்கள். இடத்துக்குப் பக்கத்தில் கண்ணில் படுகிற மாதிரி ஓர் அடையாளம் வைத்துவிட்டு, தள்ளி வந்து காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

குறிப்பாக ஒன்று. கனமான பித்தளைக் கூம்பு, அதைச் சுற்றி வளையத்தில் வரிசையாக எண்களும் கோடுகளும். பார்த்தால் ஏதோ கடிகாரத்தின் பாகம் போலவோ அளவுகோல் போலவோ அழகாக இருக்கும். அது பீரங்கிக் குண்டின் மூக்கில் திருகப்படும் நேர ஃபியூஸாக, அதாவது குறித்த நேரத்தில் குண்டை வெடிக்க வைக்கும் பாகமாக இருக்க வாய்ப்பு அதிகம். குண்டு இல்லாமல் தனியாகக் கிடந்தாலும் அதற்குள் கொஞ்சம் வெடிமருந்து மிச்சம் இருக்கலாம், எனவே இதற்கும் அதே விதிதான். தோட்டாவின் உறையில் முனைக் குண்டு இன்னும் செருகியிருந்தாலும் அப்படியே.

அப்புறம், கடிகார முகப்போ விமானக் கருவியோ கிடைத்து எண்களில் பழுப்பான தடித்த பெயின்ட் தெரிந்தால் சுரண்ட வேண்டாம். 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த பெயின்டைப் பூசினார்கள். ஒளிர்வது நின்றுபோயிருக்கும், ஆனால் ரேடியம் பாதியாகக் குறைவதற்கே 1,600 ஆண்டு ஆகும். பையில் போட்டு மூடிவிட்டுக் கை கழுவுங்கள். ஈயத்தைத் தொட்டாலும் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது.

குழியே பாதி பதிலைச் சொல்லும்

பொருளை இழுத்து எடுக்கும் முன் குழியோடு சேர்த்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். ஆழம் எவ்வளவு, எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது, மண் என்ன நிறம், பக்கத்தில் கரி, ஓடு, செங்கல், எலும்பு ஏதாவது உண்டா, எல்லாவற்றையும் ஃபோனிலேயே குறித்துக்கொள்ளலாம். இட ஆயத்தொலைவையும் பதிவுசெய்யுங்கள். டிடெக்டர் காட்டிய எண்ணையும் எழுதுங்கள், ஆனால் அதை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். அந்த எண் பொருளின் மின்கடத்தும் தன்மை, அளவு, வடிவம், கிடந்த கோணம் எல்லாம் கலந்து வருவது. மெல்லிய தங்க மோதிரமும் அலுமினியத் தாளும் ஒரே எண்ணில் வரும். பெரிய இரும்புத் துண்டு சில சமயம் வெள்ளி மாதிரி உயர்ந்த எண்ணைக் காட்டி ஏமாற்றும்.

ஆழத்தை வைத்து வயதைச் சொல்லவும் முடியாது. ஏர் மண்ணைப் புரட்டும், மண்புழு மேலே கொண்டுவரும் மண்ணால் பொருள் கீழே இறங்கும், வெள்ளம் ஒரே நாளில் வண்டலைக் கொட்டிவிட்டுப் போகும்.

எடுத்த பிறகு குழியை இன்னொரு முறை டிடெக்டரால் பாருங்கள், தோண்டிய மண்ணையும் பாருங்கள். உடைந்த மறுபாதி, கழன்ற ஆணி, மூடி இவையெல்லாம் பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும். ஒரே இடத்தில் இரண்டு மூன்று பழைய பொருள்கள் சேர்ந்து வர ஆரம்பித்தாலோ, எலும்பு தெரிந்தாலோ, தோண்டுவதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஜெர்மனியில் நெப்ரா என்ற ஊருக்குப் பக்கத்தில் 1999-இல் அனுமதியில்லாமல் டிடெக்டர் வைத்துத் தேடிய இருவர் ஒரு வெண்கல வட்டத்தைத் தோண்டி எடுத்தார்கள். தங்கத் தகட்டில் சூரியனும் பிறை நிலாவும் நட்சத்திரங்களும் பதித்த, சுமார் 3,600 ஆண்டுப் பழமையானது என்று கருதப்படும் பொருள். அவசரத்தில் தோண்டியதில் அது சேதமானது, கள்ளச் சந்தைக்குப் போனது, 2002-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் போலீஸ் மடக்கித்தான் மீட்டார்கள். அப்புறம் அது எங்கிருந்து வந்தது என்பதை உறுதி செய்யவே பெரிய ஆராய்ச்சி தேவைப்பட்டது, பொருள்களில் ஒட்டியிருந்த மண்ணைக்கூடக் குழியின் மண்ணோடு ஒப்பிட்டார்கள். நீங்கள் குழியில் எடுக்கும் ஒரு படம் இத்தனை வேலையை மிச்சப்படுத்தும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதைத் தேடுவதற்கு முன்பே தெரிந்துகொண்டு போக வேண்டும். இங்கிலாந்தில் 1996-இன் புதையல் சட்டப்படி புதையல் வகையில் வரும் எதையும் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அயர்லாந்தில் தொல்பொருளைத் தேடி டிடெக்டரைப் பயன்படுத்துவதற்கே முன் அனுமதி வேண்டும். இந்தியாவில் 1878-இன் புதையல் சட்டம் கலெக்டருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. எங்கே என்றாலும் நிலத்துக்குச் சொந்தக்காரரின் சம்மதம் கட்டாயம்.

கழுவாதீர்கள்

இதைத்தான் நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பது. பளபளவென்று ஆக்கினால் எழுத்து தெரியும் என்று எலுமிச்சை, வினிகர், கம்பித் தூரிகை, மின்பகுப்பு எல்லாவற்றையும் முதல் நாளே செய்துவிடுகிறார்கள். பழைய உலோகத்தில் அசல் மேற்பரப்பு பல நேரம் களிம்புக்கு அடியில் இருப்பதில்லை, களிம்புக்குள்ளேயே இருக்கிறது. அதாவது உலோகம் களிம்பாக மாறும்போது செதுக்கல் கோடுகளும் முலாமும் அந்தக் களிம்பின் ஒரு படலத்தில் அப்படியே பதிந்து நிற்கும். அமிலம் களிம்பைக் கரைக்கும்போது அந்தக் கோடுகளும் சேர்ந்து போய்விடும், அடியில் மிஞ்சுவது அம்மை வடு போட்ட உலோகம்தான். துணி நெசவின் தடம், தோலின் நார், மரக் கைப்பிடியின் ரேகைகூட துருவில் கல்லாகிப் படிந்திருக்கும். ஒரு பொருள் இடுப்பு வாரில் இருந்ததா பெட்டியில் இருந்ததா என்று சொல்லும் ஒரே சாட்சி சில சமயம் அதுதான்.

செய்யக்கூடியது இவ்வளவே: மண் காயட்டும், மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள், இறுகிய மண்ணைப் பல்குத்தும் குச்சியால் மெதுவாக எடுங்கள். உறுதியான ஈயமோ தடித்த பித்தளையோ என்றால் காய்ச்சி வடித்த நீரில் ஒரு முறை அலசலாம். இரும்பை நனைக்க வேண்டாம்.

துருக் கட்டியாக வந்த இரும்பு என்றால் உடைத்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே இருக்கும் வடிவம் தெளிவாகத் தெரியும், அருங்காட்சியகப் பாதுகாப்புக் கூடங்களில் இது அன்றாட வேலை. கிரேக்கத்தின் ஆன்டிகித்தெராத் தீவருகே மூழ்கிய கப்பலிலிருந்து 1901-இல் எடுத்த வெண்கலக் கட்டி யாரும் கவனிக்காமல் கிடந்தது, மறு ஆண்டு அதில் ஒரு பல்சக்கரம் தெரிந்தது, பல பத்தாண்டு கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் உள்ளே 30 பல்சக்கரங்கள் கொண்ட வானியல் கணக்குப் பொறி இருப்பது புரிந்தது. அதை யாராவது சுத்தியலால் தட்டிப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே மனம் பதறுகிறது.

என்ன உலோகம்?

காந்தத்தை ஒரு நூலில் கட்டி அருகில் கொண்டுபோங்கள். வலுவாக இழுத்தால் இரும்பு அல்லது எஃகு. மெல்ல இழுத்தால் உள்ளே இரும்பு, மேலே வேறு உலோகம் பூசியதாக இருக்கலாம், அல்லது நிக்கலாக இருக்கலாம். இழுக்கவே இல்லை என்றாலும் அதில் இரும்பு இருந்ததே இல்லை என்று அர்த்தமில்லை. முழுக்கத் துருவாக மாறிய இரும்பு காந்தத்துக்கு ஒட்டாமலும் போகும். கருத்த, வழவழப்பான, அளவுக்கு மீறிக் கனமான கல் மாதிரி இருந்து விண்கல்லோ என்று சந்தேகம் வந்தால் மட்டும் பலமான காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். விண்கல்லுக்குள் அது உருவான காலத்துக் காந்தப் பதிவு இருக்கும், உங்கள் காந்தம் அதை அழித்துவிடும். குமிழ் குமிழாகத் துளை இருந்தால் அது பெரும்பாலும் உலைக்கசடு.

அடுத்தது நிறம். பச்சைக் களிம்பு என்றால் செம்பு, பித்தளை, வெண்கலம் மூன்றில் ஒன்று. வெளிர்பச்சைப் பொடி புள்ளி புள்ளியாகப் பூத்து, தொட்டால் உதிர்ந்தால் அது வெண்கல நோய், உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம், அந்தப் பொருளை உடனே உலர்வான இடத்துக்கு மாற்ற வேண்டும். சாம்பல் நிறத்தின் மேல் வெள்ளை மாவு பூசியது போல, கையில் கனமாக, நகத்தால் கீறினால் கோடு விழுவது ஈயம். வெள்ளை மாவு இருந்தும் இலேசாக இருந்தால் அலுமினியம். வெள்ளி கருத்தோ ஊதா கலந்த சாம்பலாகவோ வரும். தங்கம் மண்ணுக்குள் எத்தனை காலம் கிடந்தாலும் மஞ்சளாகவே வரும், அதனால்தான் பச்சைக்கு நடுவே ஒரு மஞ்சள் கீற்று தெரிந்தால் நான் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு லென்ஸை எடுப்பேன், பெரும்பாலும் அது தங்க முலாமின் மிச்சம்.

இதற்கு மேல் உறுதி வேண்டுமென்றால் அடர்த்தி பார்க்கலாம். வீட்டிலேயே முடியும், ஒன்றும் கெடாது. 0.1 கிராம் வரை காட்டும் சிறிய எடைக் கருவி, ஒரு டம்ளர் தண்ணீர், கொஞ்சம் நூல், இவ்வளவு போதும். பொருளை உலர்ந்த நிலையில் எடை போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரோடு டம்ளரைக் கருவியின் மேல் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். இப்போது பொருளை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல், முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். கருவி காட்டும் கிராம் எண்தான் பொருளின் கன அளவு, கன சென்டிமீட்டரில். எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. உதாரணமாக 87 கிராம் பொருளுக்குக் கருவி 10.2 காட்டினால் 8.5 வருகிறது, அது பித்தளைக்கு ஒத்துவரும்.

அலுமினியம் 2.7, துத்தநாகம் 7.1, வெள்ளீயம் 7.3, இரும்பு 7.9, பித்தளை சுமார் 8.5, செம்பு 8.9, வெள்ளி 10.5, ஈயம் 11.3, தங்கம் 19.3. உள்ளே வெற்றிடம் இருந்தாலோ களிம்பு தடித்திருந்தாலோ எண் குறைவாக வரும். துணித் தடம் இருந்தால், பொடி உதிர்ந்தால், இரும்பாக இருந்தால் இந்தச் சோதனை வேண்டாம். பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் எண்கள் நெருக்கம், இதை வைத்துப் பிரிக்க முடியாது. அதற்கு எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி இருக்கிறது, துப்பாக்கி மாதிரி பிடித்து அழுத்தினால் சில நொடியில் எந்த உலோகம் எத்தனை சதவீதம் என்று காட்டும். பழைய உலோகம் வாங்குபவர்களிடமும் பல்கலைக்கழகங்களிலும் இருக்கும். ஆனால் அது மேல்தோலை மட்டுமே அளக்கும் என்பதை நினைவில் வையுங்கள். அமிலத் துளி வைத்துப் பார்க்கும் சோதனையை விட்டுவிடுங்கள்.

உலோகமே வயதுக்கு ஒரு வேலி போடும். அலுமினியத்தை மலிவாகப் பிரிக்கும் முறை 1886-இல்தான் வந்தது, ஆகவே அலுமினியப் பொருள் கிடைத்தால் அதற்குப் பல நூற்றாண்டு வயது சொல்ல முடியாது. எவர்சில்வர் ஷெஃபீல்டில் 1913-இல் வந்தது. குரோம் முலாம் 1920-களில்தான் பரவியது. மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசுவது 1840 வாக்கில் தொழிலானது. இவை எல்லாம் 'இதற்கு முன் இல்லை' என்று மட்டும் சொல்லும், எப்போது செய்தது என்று சொல்லாது. இந்த வேலியை முதலிலேயே போட்டுக்கொண்டால் ரோமானியக் கவசமோ என்று இரவெல்லாம் தூக்கமிழக்க வேண்டியதில்லை.

எப்படிச் செய்தார்கள்?

இங்கே லென்ஸும் பக்கவாட்டு வெளிச்சமும் வேண்டும். இருட்டறையில் டார்ச்சைப் பொருளின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பிடித்து மெதுவாகச் சுற்றிவாருங்கள். பகல் வெளிச்சத்தில் வெறுமையாகத் தெரிந்த பரப்பில் கோடுகளும் எழுத்துகளும் எழுந்து நிற்கும்.

ஓரத்தில் மெல்லிய வரம்பு ஓடினால் இரண்டு பாதி அச்சில் வார்த்தது. எதையோ கிள்ளி எடுத்த மாதிரி ஒரு தழும்பு இருந்தால் அது உருக்கை ஊற்றிய வாய். வட்டத்துக்குள் வட்டமாக மெல்லிய வரிகளும் நடுவில் ஒரு சிறு குழியும் இருந்தால் கடைசலில் பிடித்துச் செய்தது. அரத்தின் தடங்கள் ஒழுங்கற்றுக் குறுக்கும் நெடுக்குமாக இருந்தால் கைவேலை. முன்பக்கம் மேடாக இருக்கும் உருவம் பின்பக்கம் பள்ளமாக இருந்தால் தகட்டை அச்சில் அழுத்தியது. தேனிரும்பு துருப்பிடித்தால் மர நார் போல நீளவாக்கில் பிரியும், வார்ப்பிரும்பு அப்படிப் பிரியாது, சடக்கென்று உடைந்த முகத்தில் சாம்பல் மணல் போலத் தெரியும்.

ஆணிகளும் திருகுகளும் பெரிய உதவி. நான்கு பக்கமும் குறுகி வரும் ஆணி கொல்லர் அடித்தது. இரண்டு பக்கம் மட்டும் குறுகினால் இயந்திரத்தில் தகட்டிலிருந்து வெட்டியது, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது. உருண்டைக் கம்பி ஆணி 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது. மரத் திருகாணி முனை மழுங்கலாக, தலையின் வெட்டு நடுவிலிருந்து விலகி, மரை ஏற்றத்தாழ்வாக இருந்தால் 1840-களுக்கு முந்தையதாக இருக்கலாம், கூர்முனைத் திருகு அதற்குப் பிறகுதான் பெருகியது. தலையில் கூட்டல் குறி வெட்டு இருந்தால் 1930-களுக்குப் பின். ஆனால் பழைய பொருளைப் பிற்காலத்தில் பழுதுபார்த்திருக்கலாம், அதனால் ஒரு திருகை வைத்து முழுப் பொருளுக்கும் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

காலிப்பரால் (இரண்டு தாடையால் கவ்வி அளக்கும் கருவி) அளந்தும் பாருங்கள். 25.4, 38.1, 50.8 மில்லிமீட்டர் என்று வந்தால் அது 1, 1½, 2 அங்குலம். 20, 30, 50 என்று முழு எண்ணாக வந்தால் மெட்ரிக் அளவு புழங்கிய நாட்டிலோ காலத்திலோ செய்தது என்று ஊகிக்கலாம். மரைக்கும் இதே கணக்குதான். எடையிலும் ஒரு நல்ல எண் ஒளிந்திருக்கலாம். ஒன்றுமே இல்லாத ஈய வட்டு என்று நினைத்தது பழைய அளவுமுறையில் சரியாக அரை அவுன்ஸ் என்று தெரிந்தால், எடைக்கல் என்ற எண்ணம் அங்கேயே பிறக்கும்.

எழுத்தும் முத்திரையும்

எழுத்து தெரிந்தால் படிக்க முயல்வதற்கு முன் அதன் மேல் மெல்லிய தாளை வைத்து மிகமிக இலேசாகப் பென்சிலால் தேய்த்து எடுங்கள், பொடி உதிராத உறுதியான பரப்பாக இருந்தால் மட்டும். எழுத்து இடவலம் மாறியிருந்தால் அது மெழுகில் குத்தும் முத்திரையாகவோ அச்சுக்கட்டையாகவோ இருக்கலாம்.

நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிறகு, ஏனென்றால் அமெரிக்கா இறக்குமதிப் பொருள்களில் செய்த நாட்டைக் குறிக்க வேண்டும் என்று 1890-இல் செய்த சட்டம் 1891-இல் நடைமுறைக்கு வந்தது. சாய்சதுரக் கட்டமும் அதன் மூலைகளில் எழுத்தும் எண்ணும் இருந்தால் 1842 முதல் 1883 வரை பிரிட்டன் கொடுத்த வடிவமைப்புப் பதிவுக் குறி, அந்த எழுத்துகளிலிருந்தே பதிவான நாளைக் கண்டுபிடிக்கலாம். காப்புரிமை எண் கிடைத்தால் அதிர்ஷ்டம்: அமெரிக்க எண் 10 லட்சத்தைத் தொட்டது 1911-இல், அதை வைத்து முன்னே பின்னே கணிக்கலாம், எண்ணை அப்படியே தேடினால் வரைபடமே கிடைக்கும். நடக்கும் சிங்கம் 1544 முதல் இங்கிலாந்து வெள்ளிக்குப் போடும் முத்திரை. ஈ.பி.என்.எஸ். (EPNS) என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் வெள்ளி முலாம் மட்டும்தான். தோட்டா உறையின் அடியில் பல நேரம் செய்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும். பட்டனாக இருந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள், தயாரித்தவரின் பெயரும் ஊரும் அங்கேதான்.

என்ன வேலை செய்தது?

எழுத்தே இல்லாத பொருள்தான் அதிகம், அதற்கு இந்தப் படி. இதில்தான் நேரத்தைச் செலவிட வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த படியும் இதுதான்.

முதலில் முழுமையா துண்டா என்று பாருங்கள். உடைந்த ஓரம் கரடுமுரடாக இருக்கும், செய்த ஓரம் வழவழப்பாக முடியும். உடைந்த ஓரத்திலும் மற்ற இடத்தைப் போலவே களிம்பு ஏறியிருந்தால் அது எப்போதோ உடைந்தது, பளிச்சென்று இருந்தால் உங்கள் மண்வெட்டி உடைத்தது, மறுபாதி குழியில் இருக்கிறது.

அடுத்து, தேய்மானம். எந்த இடம் எதனோடு உரசியது? ஒரு வளையத்தின் உள்பக்கம் ஒரே இடத்தில் தேய்ந்திருந்தால் அது எதிலோ தொங்கியது. எதிரெதிரே இரண்டு இடத்தில் தேய்ந்திருந்தால் இரண்டு வாரையோ சங்கிலியையோ இணைத்தது, குதிரைச் சேணத்தில் இப்படி நிறைய வரும். கைப்பிடி போன்ற முனை ஒரு பக்கம் மட்டும் மழுங்கியிருந்தால் எந்தக் கை, எந்த விரல் என்றுகூட ஊகிக்கலாம். துளையின் வாய் நீள்வட்டமாக இழுபட்டிருந்தால் பாரம் இழுத்த திசை அது.

பிறகு, இல்லாததைத் தேடுங்கள். பித்தளையில் ஒரு இடத்தில் மட்டும் செந்துருக் கறை இருந்தால் அங்கே ஓர் இரும்புப் பாகம் இருந்து கரைந்துபோயிருக்கிறது. மோர்சிங் இதற்கு நல்ல உதாரணம். நடு நாக்கு எஃகு, அது துருப்பிடித்துக் காணாமல் போய்விடும், மிஞ்சும் வட்டமும் இரண்டு கால்களும் உடைந்த பக்கிள் மாதிரியே தெரியும். கால்களின் குறுக்குவெட்டு சாய்சதுரமாக இருப்பதையும், வட்டத்தின் உச்சியில் நாக்கைச் செருகிய வெட்டையும் பார்த்தால்தான் புரியும்.

சரி, என் தகட்டுக்கு வருவோம். ஒரு நாள் பெயரை எல்லாம் மறந்துவிட்டு பத்துத் துளைகளையும் ஒவ்வொன்றாக அளந்தேன். ஒரு பக்கம் நீளமாகத் தொடங்கி மறுபக்கம் படிப்படியாகக் குறுகிக்கொண்டே வந்தன. ஒவ்வொரு துளையின் ஒரு முனையில் குண்டூசித் தலையளவு ஆணித் தழும்பு. அதாவது ஒவ்வொரு துளைக்கும் மேல் ஒரு சிறு நாக்கு, ஒரு முனை மட்டும் பொருத்தி, மறுமுனை ஆடும்படி இருந்திருக்கிறது. நீளம் குறையக் குறைய என்ன மாறும் என்று கேட்டதும் விடை வந்துவிட்டது: சுருதி ஏறும். மவுத் ஆர்கனின் நாக்குத் தகடு. மரப் பெட்டி மண்ணோடு மண்ணாகப் போய்விட்டது. யாரோ ஒருவர் வாசித்துக்கொண்டே நடந்து போன வழியில் அதைத் தவறவிட்டிருக்க வேண்டும். நான் தேடிய பூட்டுகளையும் கடிகாரங்களையும்விட அது எனக்கு ஆயிரம் மடங்கு பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது.

இப்படிப் புதிராக வந்து எளிதாக முடியும் பொருள்கள் இன்னும் உண்டு. சிறு பல்சக்கரமும் திருகும் குமிழும் தட்டையான வாயும் கொண்ட பித்தளை என்றால் மண்ணெண்ணெய் விளக்கின் பர்னர், அந்த வாயில்தான் திரி வரும். இரண்டு ஈய வட்டுகள் சேர்த்து நசுக்கப்பட்டு நடுவில் நூலோடிய துளை இருந்தால் மூட்டைக்கோ துணிக்கோ போட்ட ஈய முத்திரை. நடுவில் துளையுள்ள தடித்த ஈய வட்டு நூல் நூற்கும் கதிரின் எடையாகவோ வலைக் குண்டாகவோ இருக்கலாம். இரண்டு அரைக்கோளம் ஒட்டியது போல, அடியில் நீளவெட்டோடு, ஆட்டினால் உள்ளே எதுவோ உருள்வது விலங்கின் கழுத்தில் கட்டிய மணி. ஒரு பக்கம் திறந்த சிறு உருளைக் கூம்பு கைத்தடியின் அடிப்பூணாக இருக்கும். மனிதன் வெளியில் நடமாடும்போது தொலைப்பது உடையிலிருந்தும் விலங்கிலிருந்தும் வண்டியிலிருந்தும் கைக்கருவியிலிருந்தும் விழுபவைதான், ஆகவே வாளையும் கிரீடத்தையும் நினைப்பதற்கு முன் இந்த நான்கு இடங்களில் தேடுங்கள்.

இப்போது பெயர்

இந்தக் கட்டத்தில் உங்கள் கையில் ஒரு வாக்கியம் இருக்க வேண்டும். 'வார்த்த பித்தளை, 38 மில்லிமீட்டர், இரண்டு இடத்தில் தேய்ந்த வளையம், இரும்பு ஊசி இருந்த தடம்' என்பது போல. தேடுவதற்கு இதுவே சொற்கள். படத்தை வைத்துத் தேடுவதையும் செய்யலாம், ஆனால் அது வெளித்தோற்றத்தைத்தான் பொருத்தும். பழைய வணிக விலைப்பட்டியல்கள், காப்புரிமை வரைபடங்கள், அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்புகள் இவற்றில் தேடுவது மெதுவானது, ஆனால் பலன் தரும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1997 முதல் நடக்கும் கண்டெடுப்புப் பதிவுத் திட்டத்தின் தரவுத்தளத்தில் பொதுமக்கள் கண்டெடுத்த பொருள்கள் 10 லட்சத்துக்கு மேல் படத்தோடும் அளவோடும் இருக்கின்றன, யாரும் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் பொருள் வேறு நாட்டில் கிடைத்ததாக இருந்தாலும் பட்டன், பக்கிள், ஈய முத்திரை போன்றவற்றின் வகைகளைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடத்தை நான் பார்த்ததில்லை.

ஒத்த படம் கிடைத்ததும் சந்தோஷத்தில் நிறுத்திவிடாமல், ஒத்துப்போகாதது எது என்று ஒரு முறை தேடுங்கள். அளவு மாறுகிறதா, உலோகம் மாறுகிறதா, ஒரு துளை கூடுதலாக இருக்கிறதா? ஒரே ஒரு ஒவ்வாத விஷயமும் விளக்கமில்லாமல் நின்றால் பெயர் இன்னும் உறுதியாகவில்லை.

அருங்காட்சியகத்துக்கோ தொல்லியலாளருக்கோ அனுப்பும்போது ஆறு பக்கமும் தனித்தனியாக, பக்கத்தில் அளவுகோல் வைத்து, மங்கலான சாம்பல் பின்னணியில், பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுங்கள். கையில் வைத்து எடுத்த மங்கல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு 'இது என்ன' என்று கேட்டால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. எடை, அளவு, காந்தம் இழுத்ததா, குழியின் படம், இடம், இவற்றைச் சேர்த்துவிடுங்கள். உங்கள் ஊகத்தைக் கடைசியில் எழுதுங்கள், முதலில் எழுதினால் படிப்பவர் கண்ணும் அதே பக்கம் சாய்ந்துவிடும்.

எல்லாவற்றையும் செய்தும் பெயர் வராத பொருள்களும் இருக்கின்றன, அறிஞர்களுக்கே. ரோமானியர் காலத்து வெண்கலப் பன்னிருமுகம் ஐரோப்பாவில் 100-க்கு மேல் கிடைத்திருக்கிறது: பன்னிரண்டு ஐங்கோண முகம், முகத்துக்கு ஒரு துளை, மூலைக்கு ஒரு குமிழ். முதல் பதிவு 1739-இல். என்ன உலோகம், எப்படி வார்த்தது, எங்கெங்கே கிடைத்தது எல்லாம் தெரியும், என்ன வேலை செய்தது என்பது மட்டும் இன்றுவரை யாருக்கும் தெரியாது, எந்தப் பழைய நூலும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆகவே உங்கள் பொருளுக்குப் பெயர் கிடைக்காவிட்டால் 'தெரியவில்லை' என்றே எழுதி வையுங்கள், தவறான பெயரை ஒட்டி வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

எழுதி வைப்பது எங்கே என்றால், பொருளோடு ஒரே பையில் போகும் ஒரு சிறு அட்டையில், பென்சிலால். நாள், இடம், ஆழம், எடை, அளவு, உலோகம், நீங்கள் கண்டது, நீங்கள் ஊகித்தது. பை காற்றோட்டமுள்ளதாக இருக்கட்டும். இரும்பு உள்ள பைகளையும் வெண்கலம் உள்ள பைகளையும் தனித்தனியாக, இறுக மூடும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஈயத்தை மரப் பெட்டியிலோ அட்டைப் பெட்டியிலோ வைக்காதீர்கள், மரத்திலிருந்து வரும் அமில ஆவி அதை வெள்ளைப் பொடியாக்கிவிடும், பாலித்தீன் டப்பா போதும். மாதம் ஒரு முறை திறந்து பச்சைப் பொடி பூத்திருக்கிறதா, இரும்பில் ஈரத் துளிகள் கோத்திருக்கிறதா என்று பார்த்து, சிலிக்கா ஜெல்லை மாற்றிவிடுங்கள்.